இந்தச் சனிக்கிழமை

சத்தம் கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. ரொம்ப மெல்லிசா இருந்தாலும் அமுக்குங்க சார், கேட்ட மாதிரி இருந்தாலும் அமுக்குங்க என்று சொல்லிவிட்டு, காது பரிசோதிக்கிற அந்தப் பெண், ரெஹானா என்று கோட்டில் பெயர் குத்தியிருந்தது, தடித்த கதவை வெளியிலிருந்து இழுத்துச் சாத்தினாள். சாத்தியதும் அடையாறு மொத்தமும் அணைந்துபோனது. ஆட்டோ ஹாரன் இல்லை, வெளியே காத்திருக்கிறவர்களின் இருமல் இல்லை. சின்ன அறை, சுவரெல்லாம் சாம்பல் நிறப் பஞ்சு, எதிரே ஒரு கண்ணாடி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குனிந்த தலையோடு அவள். ஜெபமணிக்குச் சிரிப்புத்தான் வந்தது. நாற்பது வருஷம் இதே மாதிரி அறையில்தானே நின்றோம், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் கையைத் தூக்கினால் பாட, இறக்கினால் நிறுத்த. இன்றைக்குப் பாடவே வேண்டாம், கேட்டால் போதும். கேட்பது என்ன பெரிய காரியமா, யார்தான் கேட்க மாட்டார்கள். வலது காதில் கூ என்று ஒரு சத்தம் வந்தது, அமுக்கினார். இன்னும் மெலிசாக ஒன்று, அமுக்கினார். அதற்கப்புறம் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லையா, அல்லது வந்துகொண்டிருக்கிறதா, அதுதான் தெரியவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் விரல் எதையோ திருகுகிறது, ஏதோ எழுதுகிறாள், இங்கே ஒன்றும் வரவில்லை. சட்டைப் பையில் நான்காக மடித்த தாள் நெஞ்சைக் குத்தியது. மணி மூன்றரை இருக்கும். ஐந்து மணிக்குள் அந்தத் தாளில் இருப்பதை வர்ஷினிக்கு அனுப்பியாக வேண்டும்.

வர்ஷினி நல்ல பெண். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் வந்த ஒரு கேசட்டைத் தூசி தட்டி எடுத்து, பெரிய கறுப்பு இசைத்தட்டாகப் போடப்போகிறேன் சார் என்று வந்து நின்றாளே, அவள் பிறந்தேயிருக்க மாட்டாள் அப்போது. ‘பக்கத்து வீட்டுச் சாவி’, எட்டுப் பாட்டு, எழுத்தும் இசையும் குரலும் ஜெபமணி. அது விற்ற விற்பனை என்ன, அதைக் கேட்டு அழுத ஜனம் என்ன. ஒரு ஆராய்ச்சி மாணவர் அந்தச் சாவி என்பது ஆத்துமா, பக்கத்து வீடு என்பது கடவுள் என்று முப்பது பக்கம் எழுதிக் கொண்டுவந்து காட்டினார். ஜெபமணியும் தலையை ஆட்டினார். பக்கத்து வீடு என்பது பக்கத்து வீட்டு மேரி டீச்சர் என்று அந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது. உறைக்குள்ளே அச்சடிக்க, அந்தப் பாட்டு எப்படிப் பிறந்தது என்று நீங்களே உங்கள் கைப்பட எழுதிக் கொடுங்கள், பாட்டு வரிகளையும் எழுதுங்கள், அப்படியே போடுகிறோம் என்றாள் வர்ஷினி. எழுதியாயிற்று. அதில் என்ன கஷ்டம், மேடையில் நூறு தரம் சொன்ன கதைதானே. மனைவி விட்டுப் போனாள். அவர் இருபத்தொரு நாள் சவரம் பண்ணாமல், சரியாகச் சாப்பிடாமல், அறையைப் பூட்டிக்கொண்டு எட்டுப் பாட்டையும் எழுதினார். இதைச் சொல்லும்போது எந்த இடத்தில் கைக்குட்டையை எடுக்க வேண்டும் என்றுகூட ஜெபமணிக்குத் தெரியும். முதலில் இதை எழுதியது ஒரு வாரப் பத்திரிகை. அவர் மறுக்கவில்லை, அவ்வளவுதான். மறுக்காமல் இருந்து இருந்து ஒரு நாள் அவரே சொல்ல ஆரம்பித்தார், சொல்லிச் சொல்லி அந்த இருபத்தொரு நாளும் தாடி அரித்தது மாதிரியே ஞாபகம் வந்துவிட்டது. அட, மனுசனுக்கு எதுதான் ஞாபகம் வராது. கூ. அமுக்கினார். இது கேட்டதா, கேட்கும் என்று நினைத்ததா. அமுக்கியாயிற்று, விடு.

கேட்டு அமுக்குவது அவர் மனைவி எப்சிபாவின் வேலை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவள் தலையிலும் இதே மாதிரி ஒன்றுதான் மாட்டியிருக்கும், நாள் முழுக்க யார் யாருக்கோ லைன் போட்டுக் கொடுத்துவிட்டு, காதோரம் பட்டை அழுத்திய சிவப்புத் தடத்தோடு வீட்டுக்கு வருவாள். கல்யாணமாகி நாசரேத்தில் இருந்து கூட்டி வந்த புதிதில், மடிப்பாக்கத்து வாடகை வீட்டில், அந்தத் தடத்தை விரலால் தடவிவிட்டது உண்டு. அப்புறம் அதற்கும் நேரம் இல்லாமல் போனது. அவர் வீட்டில் இருக்கும்போது அவள் எக்ஸ்சேஞ்சில், அவள் வீட்டில் இருக்கும்போது அவர் கச்சேரியில். இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது அடுக்களை அலமாரியில் ஒரு டேப் ரெக்கார்டர். அவர் ஒரு மெட்டைத் தன்னானே போட்டுப் பதிந்து வைத்துவிட்டுப் போவார். அவள் கறி நறுக்கிக்கொண்டே கேட்டு, அந்த மெட்டுக்கு வாயில் வந்த சொல்லைப் போட்டுப் பாடிப் பதிந்து வைப்பாள். மெட்டுக்கு இத்தனை அசை பிடிக்கும், இந்த இடத்தில் நீட்டல் வரும் என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தச் சொல், டம்மி என்பார்கள், அர்த்தம் இருக்க வேண்டும் என்று அவசியம் இல்லை. நிஜப் பாட்டை அவர் பிறகு எழுதிக்கொள்வார். சும்மா சொல்லக்கூடாது, கோயில் பாடகர் குழுவில் பாடி வளர்ந்தவள், அவள் போட்ட சொல் மெட்டில் அப்படி உட்காரும். மேல சுவரு நனைஞ்சிருக்கு, ஆளக் கூட்டி வந்து பாருங்க என்று ஒரு நாள் பாடியிருந்தாள். அவர் ஆளைக் கூட்டி வரவில்லை, ‘நனைஞ்ச சுவரு’ என்று இரண்டாவது பாட்டு வந்தது. கவிதையா பாடுவியா, வீட்டுக் கணக்கைப் பாடுதியே என்று கேலி பண்ணினார். அவளும் சிரித்தாள். நாளைக்கு டாக்டரம்மா வரச் சொன்னா, கூட ஒரு ஆளு வேணும் என்று பாடியிருந்தாளே, அதை என்ன செய்தார். டாக்டரம்மாவை எடுத்துவிட்டு நிலாவைப் போட்டார். நாளைக்கு நிலா வரச் சொன்னா, கூட ஒரு ஆளு வேணும். ஜனம் அதற்கும் உருகியது. எந்த டாக்டரம்மா, எதற்கு வரச் சொன்னாள், யார் கூடப் போனது என்று அவர் கேட்கவில்லை. மேரி டீச்சர் கூடப் போனாள் என்பதும், பத்து வாரத்தில் கலைந்துபோன ஒன்றுக்காகப் போனாள் என்பதும் மூன்று வருஷம் கழித்து மேரி டீச்சர் சொல்லித்தான் தெரியும். தெரிந்தபோது அந்தப் பாட்டுக்கு ஒரு கேடயம்கூட வாங்கியாயிற்று.

இடது காதுக்கு மாத்துறேன் சார் என்று ரெஹானாவின் குரல் வந்தது. இந்தக் காது கொஞ்சம் தேவலை. கூ, கூ, வரிசையாக அமுக்கினார், பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்த பையன் மாதிரி. ஆனால் இதிலும் சத்தம் மேலே ஏற ஏற, கீச்சென்று ஆக ஆக, ஒரு இடத்தில் எல்லாம் நின்றுபோகிறது. அன்றைக்கு இந்த இரண்டு காதும் நன்றாகத்தானே இருந்தன. செவ்வாய்க்கிழமை. எட்டாவது மெட்டுக்கு எப்சிபா பாடி வைத்திருந்ததைப் போட்டார். சாவி பக்கத்து வீட்ல இருக்கு, சாதம் மூடி வச்சிருக்கு, இந்தச் சனிக்கிழமை ரயிலு எனக்கு, நிக்கச் சொன்னா நின்னுக்கிடுவேன். நாலு வரி. ஓடிப்போய் நோட்டை எடுத்தார். இதற்கு மேல் தான் என்ன எழுதுவது, அப்படியே பாட்டு. முப்பது தரம் போட்டுக் கேட்டிருப்பார். முப்பது தரம், ஆண்டவரே, அவள் குரல், குரலுக்குப் பின்னால் குக்கர் விசில், நின்னுக்கிடுவேனில் லேசாக ஒரு நடுக்கம், அந்த நடுக்கத்தைக்கூட அவர் விடவில்லை, இது நல்லாயிருக்கே, நாமும் இங்கே இப்படி நடுக்க வேண்டும் என்று பென்சிலால் ஒரு அலை போட்டுக்கொண்டார். மேஜையில் ரேடியோவுக்கு அடியில் ஒரு பழுப்பு நிற அரசாங்கக் கவர் கிடந்தது. அதன் முதுகில்தான் அந்தப் பாட்டுக்குச் சுரம் எழுதினார். உள்ளே இருந்தது அவளுக்குப் பாளையங்கோட்டைக்குப் பதவி உயர்வோடு மாற்றல். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் இங்கேயே இருக்கலாம். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எழுதிக் கொடுத்திருப்பாள். கவரைத் திருப்பிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்.

சொல்லவே இல்லையா என்றால், சொன்னார். வியாழக்கிழமை மத்தியானம் அதிசயமாக இரண்டு பேரும் வீட்டில் இருந்தார்கள், அவள் தேயிலை வடிகட்டிக்கொண்டிருந்தாள், அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். இங்கேதான் ஞாபகம் எப்போதும் வந்து முட்டுகிறது, முட்டி நிற்கிறது, பின்னாலே போய் மறுபடி வந்து முட்டுகிறது. “எப்சி, மூணாவது வரியில ‘இந்த’ இடிக்கி. ஒரு மாத்திரை கூடுது. எடுத்துருவோமா?” அவள் அடுப்பை அணைத்தாள். திரும்பி அவரைப் பார்த்தாள், வடிகட்டியில் இருந்து தேநீர் சொட்டி மேடையில் விழுந்தது, அதைத் துடைக்கவில்லை. என்ன பார்த்தாள், எவ்வளவு நேரம் பார்த்தாள். ஒரு செருப்பு மாட்டுகிற நேரம். “எடுத்துருங்க அத்தான்” என்றாள். நல்லா வந்திருக்குட்டி என்று பாராட்டிவிட்டு அவர் இறங்கிப் போனார். அந்த ஒரு சொல் இருந்தால் அது கடுதாசி. எடுத்துவிட்டால் பாட்டு. எந்தச் சனிக்கிழமைக்கும், எந்த ரயிலுக்கும், எவனுடைய பெண்டாட்டிக்கும் பொருந்துகிற பாட்டு. அவர் பாட்டை எடுத்துக்கொண்டார், அவள் கடுதாசியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள், சண்டை இல்லை சச்சரவு இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் ரயில் எழும்பூரில் இருந்து கிளம்பியபோது ஜெபமணி கோடம்பாக்கத்தில் இதே மாதிரி ஒரு பஞ்சு அறையில் நின்று, சனிக்கிழமை ரயிலு எனக்கு என்று கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்தார், கதவு பூட்டியிருந்தது. மேரி டீச்சர் சாவியை நீட்டினாள். உள்ளே சாதம் மூடி வைத்திருந்தது. மூடியைத் தூக்கிய பிறகுதான் அவருக்குப் பாட்டே புரிந்தது, அதுவும் வரி வரியாக. ஐயோ என்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்தவர் எழுந்து ஞாயிற்றுக்கிழமை ரயிலைப் பிடித்திருக்கலாம். இதைத்தான் அவர் எந்த மேடையிலும் சொன்னதில்லை, சட்டைப் பையில் இருக்கிற தாளிலும் எழுதவில்லை. திங்கட்கிழமை அவர் போனது பாளையங்கோட்டைக்கு இல்லை, கோடம்பாக்கத்துக்கு. பேசினால் குரல் உடைந்தது. உடைந்த குரலைத் தானே கேட்டதும் மண்டைக்குள் ஒரு விளக்கு எரிந்தது. எரிந்ததா இல்லையா, உண்மையைச் சொல் ஜெபமணி. எரிந்தது. சனிக்கிழமை பாடியதை அழித்துவிட்டு மறுபடி பாட வேண்டும் என்று கேட்டு, பாடினார். ஜனம் முப்பத்தொரு வருஷமாகக் கேட்டு அழுவது அந்தத் திங்கட்கிழமைக் குரலை. அந்த அழுகை நிஜம், அதில் ஒரு பொட்டுப் பொய் இல்லை. ஆனால் அழுதுகொண்டே மைக்குக்கும் வாய்க்கும் நடுவில் நாலு விரல் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். இரண்டையும் செய்தது ஒரே ஆள்தான். அடுத்த வாரம் போகலாம், கேசட் வந்ததும் அதையே கொண்டுபோய்க் கொடுத்து மன்னிப்புக் கேட்கலாம் என்று தள்ளினார். கேசட் வந்தபோது ஊரெல்லாம் கச்சேரி. அவள் பாடிப் பதிந்த டேப் எங்கே என்று ஒரு நாள் தேடினார். அதன் மேலேயே அடுத்த மெட்டைப் பதிந்திருந்தார், தன்னானே தன்னானே என்று அவர் குரலே வந்தது, கடைசியில் அழியாமல் மிஞ்சியிருந்தது ஒரு குக்கர் விசில். அதுவும் எந்த வீடு மாறும்போதோ தொலைந்தது. ஆக, அந்த நாலு வரியை அவள் பாடினாள் என்பதற்கு உலகத்தில் இருக்கிற ஒரே சாட்சி இந்த இரண்டு காது. இந்தக் காதும் இப்போது தவணை சொல்கிறது. ஜெபமணி பட்டனைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார்.

சாட்சி ஒன்று இல்லை, இரண்டு. அவள் இருக்கிறாளே. பாளையங்கோட்டையில், பணி ஓய்வு பெற்று, தம்பி வீட்டு மாடியில். வாய் திறந்திருந்தால் ஒரு பத்திரிகைக்காரன் போதும், அவள் திறக்கவில்லை. பதினைந்து வருஷம் கழித்து நாசரேத்தில் ஒரு கல்யாணத்தில் பார்த்தார், பந்தியில் எதிர் வரிசை, முடி பாதி நரைத்து, கண்ணாடி போட்டு. கை கழுவுகிற இடத்தில் அவளாகவே வந்தாள், நல்லா இருக்கீங்களா என்று கேட்டாள். அவர் ஏதேதோ தொடங்கினார். அவள் கையைத் துடைத்துக்கொண்டே, “ரேடியோல கேட்டேன். நீங்க எடுத்ததுதான் சரி. பாட்டுக்கு அது இடிக்கத்தான் செய்யுது” என்றாள். திட்டியிருக்கலாம். நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கியிருக்கலாம். அவ்வளவு பெரிய பாட்டுக்காரரிடம் அவள் மாத்திரைக் கணக்கை ஒப்புக்கொண்டுவிட்டுப் போனாள்.

கடைசியா வார்த்தை டெஸ்ட் சார் என்று காதுக்குள் குரல் வந்தது. நான் ஒவ்வொரு வார்த்தையா சொல்லுவேன், நீங்க அதையே திருப்பிச் சொல்லணும். சொல்லிவிட்டு ரெஹானா ஒரு ஃபைலைத் தூக்கி வாயை மறைத்துக்கொண்டாள். அடப்பாவமே, உதட்டைப் பார்த்துச் சமாளிக்கலாம் என்று இருந்தாரே. மாடு என்றாள், மாடு என்றார். வீடு, வீடு. பூட்டு, பூட்டு. இது என்ன பெரிய காரியம். குரலைத் தணித்தாள். கதவு. கதவு. அதற்கடுத்தது கொஞ்சம் காற்றாகத்தான் வந்தது, என்ன வரப்போகிறது, வீடு பூட்டு கதவு என்றால் அடுத்தது சாவிதானே. சாவி என்றார். அடுத்ததற்குச் சன்னல் என்றார். அடுத்தது வாசல் என்றார். தயக்கமே இல்லாமல் சொன்னார், தாளம் தப்பாமல். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு ஃபைலை இறக்கினாள், அவரையே பார்த்தாள், ஒரு செருப்பு மாட்டுகிற நேரம். பிறகு எழுந்து வந்து கதவைத் திறந்தாள். “சார், நீங்க கேட்டுச் சொல்லலை. அடுத்து இதுதான் வரும்னு நீங்களே போட்டுக்கிறீங்க. கேக்கலைன்னா கேக்கலைன்னு சொல்லணும், அது தப்பில்லை.” அவள் அதட்டவில்லை, தினமும் பத்துப் பேரிடம் சொல்கிற குரல்தான். நான் என்ன சொன்னேன், நீங்க என்ன சொன்னீங்க என்று கேட்டார். கடைசி மூணும் நம்பர் சார், ஏழு, ஒம்பது, பத்து என்றாள்.

அப்புறம் அவள் வரைபடத்தைக் காட்டி விளக்கினாள், கோடு நேராக வந்து ஒரு இடத்தில் படிக்கட்டில் கால் தவறியது மாதிரி விழுந்திருந்தது. கனத்த சத்தமெல்லாம் கேட்கும், கீச்சுச் சத்தம்தான் போயிருக்கு, பொம்பளைங்க குரலு, பிள்ளைங்க குரலு தெளியாது, மெஷின் வச்சுக்கிட்டா பரவாயில்லாம இருக்கும், போனது திரும்பாது என்றாள். சரி, சரி என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, பாதியில் நிறுத்தி, அந்தக் கடைசியில் சொன்னது என்னம்மா என்று கேட்டார். போனது திரும்பாது சார் என்று அவள் சத்தமாகச் சொன்னாள். வாசலுக்கு வந்தார். வெயில் இன்னும் இறங்கவில்லை, மணி நாலேகால். செருப்புக் குவியலில் தன் செருப்பைத் தேடி ஒன்றை மாட்டினார், மற்றதை மாட்டாமல் அப்படியே நின்றார். சட்டைப் பையில் இருந்து தாளை எடுத்தார். இருபத்தொரு நாள். தாடி. பூட்டிய அறை. அழகான கையெழுத்து, அதில் குறை சொல்ல முடியாது. இதை அனுப்பினால் யாருக்கு என்ன நஷ்டம், எப்சிபாவே சரி என்று சொல்லிவிட்டாளே. அவள் எடுத்துருங்க என்றதும் எடுத்தவன், சரி என்றதும் சரி என்று இருந்தவன். அவள் சொன்னதில் தனக்கு வசதியானதை மட்டும் ஒரு எழுத்துப் பிசகாமல் கேட்டவன். தாளை நாலாகவும் எட்டாகவும் கிழித்துப் பையிலேயே போட்டுக்கொண்டு வர்ஷினியைக் கூப்பிட்டார். கதை ஒன்றும் போட வேண்டாம்மா என்றார். உறையில் எழுத்து ஜெபமணி என்று இருக்கிற இடத்தில் எல்லாம் எப்சிபா என்று போடு, எட்டுப் பாட்டுக்கும், இ ப் சி பா இல்லை, எ, எப்சிபா, அவள்தான் எழுதினாள், நான் மாத்திரை பார்த்தேன், அவ்வளவுதான். அப்புறம் சாவிப் பாட்டில் மூன்றாவது வரியைத் திருத்திக்கொள்ளச் சொன்னார், ஆரம்பத்தில் ‘இந்த’ என்று ஒரு சொல் வரும், இந்தச் சனிக்கிழமை ரயிலு எனக்கு. வர்ஷினிக்கு எட்டுப் பாட்டும் தலைகீழ்ப் பாடம், வாய்க்குள் பாடிப் பார்த்தது தெரிந்தது.

“சார், அது இடிக்குதே.”

“இடிக்கட்டும்மா.”

அதற்கு அவள் ஏதோ சொன்னாள். மெல்லிய குரல், நீளமாக, நடுவில் ஒரு இடத்தில் லேசாக நடுங்கியது போல இருந்தது, ஒரு பஸ் வேறு குறுக்கே போனது. என்ன சொல்லியிருப்பாள் என்று அவருக்குத் தெரியும், இந்த மாதிரி இடத்தில் இதுதான் சொல்வார்கள், ஆமாம்மா சரிம்மா என்றால் முடிந்தது. வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஜெபமணி போனைத் தேவலையான இடது காதுக்கு மாற்றி, மற்ற காதைக் கையால் பொத்திக்கொண்டார்.

“கேக்கலைம்மா” என்றார். “இன்னொரு தரம் சொல்லு.”